சூரியக் காந்தத்தின் பிறப்பிடம்

சூரியனின் முகத்தில் கரும்புள்ளிகள் பெருகித் தணிந்து மீண்டும் பெருக ஏறத்தாழ 11 ஆண்டுகள் ஆகின்றன. இப்படி ஒரு காலவட்டம் இருப்பதை, 1826 முதல் புள்ளிகளை எண்ணிவந்த டெஸ்ஸாவ் நகர மருந்தாளர் ஹைன்ரிஷ் ஷ்வாபே 1844இல் முதன்முதலாக அறிவித்தார். அந்தப் புள்ளிகள் காந்தப்புலம் குவிந்த இடங்கள் என்பதை 1908இல் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் ஜார்ஜ் எல்லரி ஹேல் நிறமாலைக் கோடுகளின் பிளவைக் கொண்டு நிறுவினார். பெரிய புள்ளியின் நடுவில் புலம் சுமார் 3000 காஸ், பூமியின் புலத்தைப் போலப் பல ஆயிரம் மடங்கு. மறு ஆண்டே கொடைக்கானலில் ஜான் எவர்ஷெட், புள்ளியின் விளிம்பில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். பின்னர் தெரியவந்த ஒழுங்குகள் இன்னும் வியப்பானவை. இரட்டையாகத் தோன்றும் புள்ளிகளில் முன்னே செல்வது வட அரைக்கோளத்தில் ஒரு துருவத்தன்மை கொண்டிருந்தால் தென் அரைக்கோளத்தில் எதிர்த்தன்மை கொண்டிருக்கிறது. அடுத்த காலவட்டத்தில் இரண்டும் இடம் மாறுகின்றன. புள்ளிகள் பிறக்கும் பட்டையும் சுமார் 30 பாகை அகலாங்கில் தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு நடுக்கோட்டை நோக்கி இறங்குகிறது. இந்த ஒழுங்குக்கு அடியில் இருப்பதோ ஒழுங்கற்ற கொந்தளிப்பு. சூரிய ஆரத்தின் வெளி 30 விழுக்காடான வெப்பச்சலன மண்டலம் முழுவதும் சூடான பிளாஸ்மா ஏறி இறங்கிப் புரண்டுகொண்டே இருக்கிறது. இந்தக் கொந்தளிப்புக்குத் தப்பி, ஆழத்தில் அமைதியான ஓர் அடுக்கில்தான் காந்தம் உருவாகிச் சேமிக்கப்படுகிறது என்பது நீண்ட காலம் ஆதிக்கம் செலுத்திய கருத்து. அந்தக் கருத்துக்கு இன்று அவ்வளவு வலு இல்லை. காந்தத்தை ஆக்குவது கொந்தளிப்பும் அதனுள் எழும் நிலையின்மைகளும்தான். அவற்றுக்கு வெளியே தனியொரு பிறப்பிடத்தைத் தேட வேண்டியதில்லை என்பதே இங்கே முன்வைக்கப்படும் வாதம்.

முதலில், சூரியன் ஏன் காந்தத்தை ஓயாமல் உற்பத்தி செய்ய வேண்டும் என்று கேட்க வேண்டும். மின்சாரத்தை நன்கு கடத்தும் பாய்மத்தில் காந்தக் கோடுகள் பாய்மத்தோடு சேர்ந்தே நகரும் என்று 1940களின் தொடக்கத்தில் ஹானஸ் ஆல்வேன் காட்டினார். சூரியன் அளவுள்ள ஒரு பொருளில் மின்தடையால் மட்டும் புலம் கரைய வேண்டுமானால் அதற்கு ஆயிரம் கோடி ஆண்டு வரிசையில் காலம் பிடிக்கும். சூரியனின் வயதே 460 கோடி ஆண்டுதான். ஆகவே பிறப்போடு வந்த புலம் அப்படியே நீடிக்கிறது என்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். ஆனால் 11 ஆண்டுக்கு ஒரு முறை திசை மாறும் புலத்தை அந்த விளக்கத்தில் அடக்க முடியாது. கொந்தளிப்பு வேறு கணக்கைத் தருகிறது. பெரிய சுழல்கள் சிறிய சுழல்களாக உடைய, அவற்றோடு காந்தக் கோடுகளும் இழுபட்டுச் சிதைந்து நுண்ணளவில் கரைகின்றன. அந்த வேகத்தில் வெப்பச்சலன மண்டலத்தின் பெரும்புலம் பத்தாண்டுக் கணக்கில் அழிந்துவிடும். காலவட்டத்தின் நீளமும் அதே வரிசையில் இருப்பது தற்செயல் அல்ல. புலத்தை இவ்வளவு விரைவாக அழிப்பதும் கொந்தளிப்பு; அப்படியானால், அழியும் வேகத்திலேயே அதை மீட்டுத் தருவது எது என்பதே உண்மையான கேள்வி.

இதற்கான விடையின் முதல் பகுதி ஒரு மறுப்பிலிருந்து வந்தது. சூரியனுக்குள் ஓடும் பாய்மமே மின்னாக்கி (டைனமோ) போலச் செயல்பட்டுக் காந்தத்தை வளர்க்கலாம் என்று ஜோசப் லார்மர் 1919இல் முன்மொழிந்தார். ஓர் அச்சைச் சுற்றி முழுச் சமச்சீர் கொண்ட புலத்தை எந்தப் பாய்ம ஓட்டத்தாலும் நிலைநிறுத்த முடியாது என்று 1933இல் தாமஸ் கௌலிங் கணித முறையில் காட்டினார். இதை லார்மருக்கு விழுந்த அடியாகவே பலர் எடுத்துக்கொண்டனர். ஆனால் அந்தத் தேற்றம் சொன்னது அதற்கும் மேலானது: ஓட்டம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் சமச்சீர் உடையாதவரை காந்தம் நிலைக்காது. 1955இல் யூஜீன் பார்க்கர் அந்த உடைவைக் கொந்தளிப்பிலேயே கண்டார். சூரியனின் நடுக்கோட்டுப் பகுதி சுமார் 25 நாளில் ஒரு முறை சுற்றுகிறது. துருவப் பகுதிக்கு 35 நாள் வரை ஆகிறது. இந்த வேற்றுமை, வடக்குத் தெற்காக ஓடும் காந்தக் கோடுகளைக் கிழக்கு மேற்காக இழுத்துச் சுற்றுகிறது. திரும்பவும் வடக்குத் தெற்குப் புலத்தை உண்டாக்க, மேலெழும் பாய்மத் திரள்கள் விரிந்தபடியே கொரியோலிஸ் விசையால் முறுக்கிக்கொள்கின்றன. அவற்றோடு காந்தக் கண்ணிகளும் முறுக்கப்படுகின்றன. ஒவ்வொரு முறுக்கும் சிறியது, ஒழுங்கற்றது. ஆனால் ஓர் அரைக்கோளத்தில் எல்லா முறுக்குகளுக்கும் ஒரே சாய்வு இருப்பதால் கூட்டுத்தொகை சுழியாவதில்லை. ஆகவே கோட்பாட்டின் தொடக்கத்திலேயே கொந்தளிப்புக்கு ஆக்கும் பாத்திரம் தரப்பட்டிருந்தது.

அப்படியிருந்தும் ஆய்வாளர்கள் ஏன் ஆழத்துக்குப் போனார்கள்? அதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. காந்தப்புலம் திரண்ட குழாய்க்குள் காந்த அழுத்தம் இருப்பதால் அங்கே வாயு அடர்த்தி குறையும். அந்தக் குழாய் மிதந்து மேலேறும். இந்த மிதப்பையும் 1955இலேயே பார்க்கர் விளக்கியிருந்தார். 1975இல் அவரே, வெப்பச்சலன மண்டலத்தில் உருவாகும் வலுவான புலம் வளர நேரமில்லாமல் விரைவில் மிதந்து வெளியேறிவிடும் என்று கணக்கிட்டு, உற்பத்தியிடம் மண்டலத்தின் அடித்தளமாக இருக்க வேண்டும் என்றார். சூரியனின் உள்ளே ஒலியலைகள் பரவுவதைக் கொண்டு உட்சுழற்சியை அளக்கும் சூரிய அதிர்வியல் 1980களில் முதிர்ந்தபோது இந்தக் கருத்துக்குப் பெரிய துணை கிடைத்தது. அகலாங்கு சார்ந்த சுழற்சி வேறுபாடு வெப்பச்சலன மண்டலம் முழுவதும் ஏறக்குறைய மாறாமல் உள்ளே இறங்கி, ஆரத்தின் 0.7 பங்கு தொலைவில், கதிர்வீச்சு மண்டலத்தின் விளிம்பில், ஒரு மெல்லிய அடுக்குக்குள் திடீரென்று மறைந்து சீரான சுழற்சியாகிறது. எட்வர்ட் ஸ்பீகலும் ழான் பால் சானும் 1992இல் அதற்கு டாக்கோக்ளைன் என்று பெயரிட்டனர். அதிக வேகச் சறுக்கம் கொண்ட அடுக்கு, அதற்குக் கீழே மிதப்பை அடக்கும் அமைதியான மண்டலம்: காந்தத்தை வளர்த்துப் பூட்டிவைக்க இதைவிடப் பொருத்தமான இடம் ஏது? அடியிலிருந்து ஒரு லட்சம் காஸ் புலத்தோடு கிளம்பும் குழாய்கள் மேற்பரப்பை அடையும்போது, புள்ளி இணைகளின் சாய்வு கண்டதைப் போலவே அமைகிறது என்று சிட்னி டி'சில்வாவும் அர்னாப் ராய் சௌத்ரியும் 1993இல் காட்டியது இந்தக் கட்டடத்தின் மேல்தளம்.

இந்தக் கட்டடத்தில் விரிசல்கள் வெவ்வேறு திசைகளிலிருந்து வந்தன. முதலாவது, பிற விண்மீன்கள். சூரியப் பொருண்மையில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவான செங்குறுமீன்கள் மையம் வரை வெப்பச்சலனத்தாலேயே புரள்கின்றன. அவற்றில் டாக்கோக்ளைன் இருக்க இடமே இல்லை. ஆனால் மெதுவாகச் சுற்றும் அத்தகைய விண்மீன்களில், சுழற்சிக்கும் காந்தச் செயலைக் காட்டும் எக்ஸ் கதிர் வெளிச்சத்துக்கும் உள்ள தொடர்பு சூரியனை ஒத்த விண்மீன்களில் உள்ளதைப் போன்றே இருப்பதை 2016இல் நிக்கோலஸ் ரைட்டும் ஜெரமி டிரேக்கும் அறிவித்தனர். இரண்டாவது, புள்ளிகள் மேலேறும் வேகம். ஆழத்திலிருந்து வரும் வலுவான குழாய், மேற்பரப்புக்கு 20,000 கிலோமீட்டர் கீழே விநாடிக்கு 500 மீட்டர் அளவில் ஏற வேண்டும் என்று மாதிரிகள் கூறின. ஆரன் பிர்ச்சும் கூட்டாளிகளும் அதே 2016இல், புள்ளிக் கூட்டங்கள் தோன்றும் நேரத்து மேற்பரப்பு ஓட்டங்களை அளந்து, அந்த ஆழத்தில் ஏறும் வேகம் விநாடிக்கு 150 மீட்டருக்கு மேல் இருக்க முடியாது என்று கண்டனர். அது சுற்றியுள்ள வெப்பச்சலன ஓட்டத்தின் வேகம்தான். குழாய் கொந்தளிப்பைக் கிழித்துக்கொண்டு வரவில்லை. அதன் போக்கிலேயே வருகிறது. மூன்றாவது, ராபர்ட் கேமரனும் மான்ஃப்ரெட் ஷ்யூஸ்லரும் 2015இல் செய்த எளிய, உறுதியான கணக்கு. ஓர் அரைக்கோளத்தில் சேரும் கிழக்கு மேற்குக் காந்தப் பாயத்தின் நிகர அளவை மேற்பரப்பில் காணும் புலமும் சுழற்சி வேறுபாடுமே தீர்மானிக்கின்றன; அந்தக் கணக்கில் டாக்கோக்ளைனின் சறுக்கத்துக்குக் குறிப்பிடத்தக்க பங்கு இல்லை. இவற்றில் எந்த ஒன்றும் தனியாக முடிவானது அல்ல. ஆனால் மூன்றும் வெவ்வேறு அளவீட்டு முறைகளில் பிறந்து ஒரே திசையைக் காட்டுகின்றன.

கொந்தளிப்பைப் பற்றிய நம் அறிவே தடுமாறிய கட்டமும் உண்டு. 2012இல் ஷ்ரவன் ஹனசோகே, தாமஸ் டுவால், காதேபள்ளி ஸ்ரீனிவாசன் மூவரும் சூரிய அதிர்வியல் அளவீடுகளைக் கொண்டு, வெப்பச்சலனத்தின் பெரும் சுழல்கள் கணினி மாதிரிகள் சொன்னதைவிட மிக மிக மெதுவானவை என்றனர். வேறு முறையில் அளந்தவர்களுக்கு அவ்வளவு குறைவான வேகம் கிடைக்கவில்லை. சர்ச்சை இன்றும் ஓயவில்லை. மாதிரிகளுக்கு இன்னொரு அவமானமும் இருந்தது: சூரியனின் ஆற்றலையும் சுழற்சியையும் அப்படியே கொடுத்தால் பல மாதிரிகளில் நடுக்கோடு மெதுவாகவும் துருவங்கள் வேகமாகவும் சுற்றின. 2021இல் ஹிடேயுகி ஹோட்டாவும் கான்யா குசானோவும் ஜப்பானின் ஃபுகாகு மீக்கணினியில் மிக நுண்ணிய பகுப்போடு கணக்கிட்டபோது சரியான சுழற்சி தானாகவே வந்தது. நுண்சுழல்களில் வளரும் சிதறலான காந்தப்புலத்தின் ஆற்றல் அந்தக் கொந்தளிப்பின் இயக்க ஆற்றலையே மிஞ்சியது. அந்தப் புலம் ஓட்டத்தைத் திருத்தியது. முதலில் ஓட்டம், பிறகு அதன் விளைவாகக் காந்தம் என்று வரிசைப்படுத்திப் பழகியிருந்தோம். இந்தக் கணக்கில் சூரியனின் சுழற்சியே காந்தக் கொந்தளிப்பின் படைப்பாகிறது. அப்படியானால், கொந்தளிப்பு எட்டாத மூலையில் காந்தத்தைத் தேடியது பொருளற்ற தேடலாக இருந்திருக்கக்கூடும்.

ஆழத்தைப் போலவே மேற்பரப்பின் அடியிலும் ஒரு சறுக்க அடுக்கு உண்டு. சூரிய ஆரத்தின் வெளி 5 விழுக்காட்டில், அதாவது சுமார் 35,000 கிலோமீட்டர் ஆழம் வரை, உள்ளே போகப் போகச் சுழற்சி வேகம் கூடுகிறது. டாக்கோக்ளைனில் நடுக்கோட்டருகே இதற்கு நேர்மாறு: அங்கே வெளியில்தான் வேகம் அதிகம். இந்தக் குறி வேறுபாடு சிறு விவரமல்ல. பார்க்கர் சொன்ன இழுப்பும் முறுக்கும் சேர்ந்து எழுப்பும் காந்த அலை நடுக்கோட்டை நோக்கிப் பயணிக்க, வெளிநோக்கிக் குறையும் சுழற்சிதான் பொருத்தம் என்பதைச் சுட்டிக்காட்டி, மேலடுக்கு வடிவமைக்கும் பரவலான டைனமோவுக்கு ஆதரவாக 2005இல் ஆக்ஸல் பிராண்டன்பர்க் வாதிட்டார். வெளிநோக்கிக் குறையும் சுழற்சிக்கு இன்னொரு விளைவும் உண்டு. சுழலும் இரு உருளைகளுக்கிடையே உள்ள கடத்தும் பாய்மத்தை ஆராய்ந்த எவ்ஜெனி வெலிகோவ் 1959இலும், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து சிகாகோவில் பணியாற்றிய சுப்பிரமணியன் சந்திரசேகர் 1960இலும், காந்தம் இல்லாதபோது நிலையாக இருக்கும் அத்தகைய சுழற்சி, மெல்லிய காந்தப்புலம் ஊடுருவியதும் நிலைகுலையும் என்று கண்டனர். ரப்பர் பட்டையால் பிணைக்கப்பட்டு வட்டப் பாதையில் ஓடும் இருவரை நினைத்துக்கொள்ளலாம். உள்வட்டத்தவர் முந்த, பட்டை அவரைப் பின்னிழுக்கிறது. கோண உந்தம் இழந்து அவர் இன்னும் உள்ளே விழுகிறார், விழுந்ததால் இன்னும் வேகமாகச் சுற்றுகிறார். வெளியே உள்ளவர் அந்த உந்தத்தைப் பெற்று மேலும் வெளியேறுகிறார். பட்டை நீள நீள இழுவை கூடுகிறது. பிரிவு தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. காந்தக் கோடே இங்கே பட்டை. அது மிக வலுவாக இருந்தால் இருவரையும் சேர்த்துப் பிடித்துவிடும். நிலையின்மை வளர அது மெலிந்திருக்க வேண்டும்.

இந்தக் கண்டுபிடிப்பு முப்பதாண்டு கிடப்பில் கிடந்தது. 1991இல் ஸ்டீவன் பால்பஸும் ஜான் ஹாலியும் கருந்துளைகளைச் சுற்றும் வாயுத் தட்டுகளில் அதன் முக்கியத்துவத்தைக் காட்டிய பிறகே அது வானியலின் நடுமேடைக்கு வந்தது. 2024 மே மாதம் ஜெஃப்ரி வாசிலும் கூட்டாளிகளும் நேச்சர் இதழில் அதைச் சூரியனுக்கே திருப்பினர். அதிர்வியல் அளந்த உண்மையான சுழற்சியை அடிப்படையாக வைத்து, மேலடுக்கில் எந்தச் சிறு குலைவுகள் வளரும் என்று கணக்கிட்டனர். வளர்ந்த வடிவங்கள், 1980இல் ராபர்ட் ஹோவர்டும் பாரி லபோன்ட்டும் கண்டறிந்த வேகப் பட்டைகளை ஒத்திருந்தன. சூரியச் சுழற்சியின் மேல் விநாடிக்குச் சில மீட்டர் மட்டுமே கூடியும் குறைந்தும் அமையும் இப்பட்டைகள், புள்ளிகளின் பட்டையோடு சேர்ந்தே 11 ஆண்டில் நடுக்கோட்டை நோக்கி நகர்கின்றன. ஒரே நிலையின்மை காந்த இடமாற்றத்தையும் வேகப் பட்டைகளையும் சேர்த்து விளக்குவது இந்தக் கருத்தின் பெரும் பலம்.

இதற்கு எழும் வலுவான எதிர்ப்பு, வாதத்தின் அடிப்படையையே தொடுகிறது. மேலடுக்கில் கொந்தளிப்பு மிகக் கடுமையானது. மேற்பரப்பில் சுமார் 1000 கிலோமீட்டர் அகலமுள்ள குமிழ்மணிகள் விநாடிக்குக் கிலோமீட்டர் கணக்கில் பாய்ந்து பத்து நிமிடத்தில் கலைகின்றன. 30,000 கிலோமீட்டர் அகலப் பெருங்கூடுகள் ஒரு நாள் அளவில் மாறுகின்றன. இந்தப் புயலில், மெதுவாக வளரும் ஒரு நிலையின்மை எப்படிப் பிழைக்கும்? வாசில் குழுவின் கணக்கு இந்தச் சுழல்களை ஒவ்வொன்றாகக் கணக்கிடவில்லை என்பது உண்மை. ஆகவே அவர்கள் சொன்ன வழிமுறை நிறுவப்பட்டுவிட்டது என்று கொள்ள முடியாது. ஆனால் எதிர்ப்பு அதற்கு மேல் செல்லும்போது வானத்தோடு மோதுகிறது. விநாடிக்குச் சில மீட்டர் வேகமுள்ள அந்தப் பட்டைகள், தம்மைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு வேகமான சுழல்களின் நடுவே ஆண்டுக்கணக்கில் உருக்குலையாமல் நகர்வதைக் கருவிகள் நாள்தோறும் பதிவு செய்கின்றன. பெரிய அளவிலான மெதுவான ஒழுங்கு கொந்தளிப்புக்குள் வாழ முடியுமா என்ற கேள்விக்குச் சூரியன் ஏற்கெனவே முடியும் என்று சொல்லிவிட்டது. அது எந்த வழியில் என்பது மட்டுமே திறந்திருக்கிறது.

இரண்டாவது எதிர்ப்பு பார்க்கரின் பழைய மிதப்புச் சிக்கல்: ஆழமற்ற இடத்தில் புலம் தங்காது, தங்கினாலும் புள்ளி இணைகளின் துருவத்தன்மை ஒழுங்கான ஹேல் விதி இவ்வளவு துல்லியமாக அமையாது. புலத்தை ஆண்டுக்கணக்கில் ஒரே குழாயாகப் பூட்டிவைக்க வேண்டும் என்று நாம் கருதும்வரைதான் இது சிக்கல். ஓயாமல் உருவாகி ஓயாமல் அழியும் பரவலான புலத்துக்குப் பூட்டு தேவையில்லை. தவிர, வெப்பச்சலனத்தில் இறங்கும் ஓட்டங்கள் குறுகி வலுத்திருப்பதால் அவை புலத்தைக் கீழே அழுத்துவதைக் கணினி மாதிரிகள் காட்டுகின்றன. 2010இல் பெஞ்சமின் பிரவுனும் கூட்டாளிகளும், சூரியனைவிட மும்மடங்கு வேகமாகச் சுற்றும் மாதிரி விண்மீனில், டாக்கோக்ளைன் ஏதும் இல்லாமல், கொந்தளிக்கும் மண்டலத்தின் நடுவிலேயே இரு அரைக்கோளங்களிலும் எதிரெதிர்த் துருவத்தன்மை கொண்ட காந்த வளையங்கள் நிலைத்திருப்பதைக் கண்டனர். ஹேல் விதியின் ஒழுங்குக்கு வேண்டியது அமைதியான இடமல்ல, ஒரே திசையில் தொடர்ந்து இழுக்கும் சுழற்சி வேறுபாடு. அது மண்டலம் முழுக்க இருக்கிறது.

மூன்றாவது எதிர்ப்பு கணினியை நம்பலாமா என்பது. சூரியப் பிளாஸ்மாவில் பாகுநிலை, மின்தடையைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியது. எந்தக் கணினியும் அந்த விகிதத்தை நேரே எட்டவில்லை. அந்த விகிதத்தில் நுண்ணளவுக் காந்தம் வளருமா என்றே ஐயம் இருந்தது. 2023இல் யோர்ன் வார்னெக்கேயும் கூட்டாளிகளும் சூரிய மதிப்பை நெருங்கும் கணக்குகளில், ஒரு கட்டத்துக்குப் பிறகு வளர்ச்சி எளிதாவதைக் காட்டினர். ஆய்வகச் சான்றும் உண்டு. பிரான்சின் கடராஷில் கொந்தளிக்கும் திரவச் சோடியத்தில் காந்தம் தானாக எழுந்து திசை மாறியது 2007இல் வெளியானது. ஆனால் மென்னிரும்பாலான சுழல்தகடுகள் அதற்குத் தேவைப்பட்டன என்பதையும் மறைக்கக் கூடாது. வெலிகோவும் சந்திரசேகரும் கண்ட நிலையின்மை, பிரின்ஸ்டனில் திரவ உலோகம் நிறைந்த சுழல் உருளைகளில் 2022இல் நேரடியாகக் காணப்பட்டது.

இந்த விவாதம் ஆழமா, மேலா என்ற முகவரிச் சண்டையோடு முடிவதில்லை. முன்கணிப்பையும் அது தொடுகிறது. 24ஆம் காலவட்டம் முந்தையதைவிட 30 முதல் 50 விழுக்காடு வலுவாக இருக்கும் என்று 2006இல் மௌசுமி திக்பதியின் குழு கணித்தது. அதன் மாதிரியில் கொந்தளிப்பால் புலம் கரைவது குறைவு. எனவே சூரியனுக்குப் பல காலவட்ட நினைவு இருந்தது. 2007இல் சௌத்ரியும் கூட்டாளிகளும் கொந்தளிப்புக் கரைவை மிகுதியாக வைத்தனர். நினைவு ஒரு காலவட்டத்தோடு முடிந்தது. முந்தையதைவிட 35 விழுக்காடு குறைவாக இருக்கும் என்றனர். 2014இல் உச்சம் தொட்ட அந்தக் காலவட்டம் நூறாண்டில் மிக மெலிந்தவற்றுள் ஒன்று. இரண்டாம் கணிப்பே பலித்தது. இரு மாதிரிகளுமே டாக்கோக்ளைனைக் கொண்டவை, ஒரு காலவட்டம் ஒரே ஒரு சோதனை என்பதால் இதை அளவுக்கு மீறி நீட்டக் கூடாது. ஆயினும் கொந்தளிப்பை வலுவாக மதித்தவர் வென்றார் என்பது கவனிக்கத்தக்கது. கணிப்பு இன்னும் தடுமாறவே செய்கிறது: 25ஆம் காலவட்டத்தின் உச்சத்தை 115 என்று 2019இல் நிபுணர் குழு கணித்தது. புள்ளி எண் 2024இல் 150ஐத் தாண்டியது. 1645 முதல் 1715 வரை புள்ளிகள் ஏறக்குறைய மறைந்துபோன மௌண்டர் தாழ்வு போன்ற விலகல்களும் கொந்தளிப்பின் இயல்பான ஏற்ற இறக்கங்களாகவே இன்று சிறப்பாக விளங்குகின்றன. துருவப் புலம் எத்தகைய புள்ளிகளின் எச்சங்களிலிருந்து சேர்கிறது என்பதை இன்னும் நேராகக் காண வேண்டும்; 2025இல் சூரிய நடுக்கோட்டுத் தளத்துக்கு 17 பாகை கீழிருந்து தென்துருவத்தைப் படம்பிடித்த சோலார் ஆர்பிட்டர் அந்தப் பணியைத் தொடங்கியிருக்கிறது. மேலடுக்கு வாதம் தோற்கவும் வழி உண்டு: வேகப் பட்டைகள் அடித்தளத்தில் முதலில் தோன்றி ஆண்டுகள் கழித்தே மேலே வருவதாக அளவீடுகள் உறுதி செய்தால் அது தன் இடத்தை இழக்கும். அப்போதும் கௌலிங்கின் தேற்றமும் கரைவின் கணக்கும் மாறப்போவதில்லை. காந்தத்தை அழிக்கும் அதே கொந்தளிப்பைத்தான் சூரியன் அதை ஆக்கவும் பயன்படுத்துகிறது. ஆகவே அடுத்த காலவட்டத்தைக் கணிப்பவர்கள் கொந்தளிப்பைப் பிழையாக ஒதுக்காமல் கணக்கின் முதல் உறுப்பாக எழுத வேண்டும். அடுத்ததற்கும் அடுத்ததை இன்றே சொல்லும் ஆசையை அதே காரணத்தால் விட்டுவிட வேண்டும்.